காலநிலை மாற்றத்தை முதுநிலையில் படிக்க: வாசகர் கேள்வி – பதில்

பட்டப்படிப்பு முடிவுகள் வெளியாகும் இந்த நேரத்தில், காலநிலை மாற்றம் தொடர்பான மேற்படிப்புகளைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே பொருளில் அமைந்தவற்றை இணைத்து, பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். காலநிலை மாற்றத்தைப் பற்றி மேலே படிக்க ஆசை. ஆனால் சுற்றுச்சூழல் அறிவியல், வானிலையியல், நிலைத்த வளர்ச்சி, பேரிடர் மேலாண்மை என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. நான் எதில் சேர்வது?
– வாசகி, மன்னார்குடி

உங்கள் குழப்பம் நியாயமானது. காலநிலை மாற்றம் என்பது எல்லை வகுக்கப்பட்ட ஒரு தனிப் பாடம் அன்று. பல துறைகள் வந்து கூடும் ஒரு பிரச்சினை. வளிமண்டலமும் கடலும் எப்படி இயங்குகின்றன, வெப்பம் கூடும்போது அவை எப்படி மாறுகின்றன என்பது ஒரு கேள்வி. அந்த மாற்றம் பயிரையும் கடற்கரையையும் மனித உடலையும் என்ன செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. அரசு என்ன செய்ய வேண்டும், அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் படிப்பும் வேறு, அதற்குத் தேவையான அடிப்படையும் வேறு. ஆகவே படிப்பின் பெயரைத் தேடுவதற்கு முன்பாக, இவற்றில் எந்தக் கேள்வி உங்களை விடாமல் பிடித்திருக்கிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இயற்பியல் படித்தவர் என்பதால் முதல் கேள்விக்கு நீங்கள் பாதித் தயாரிப்போடு இருக்கிறீர்கள். காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பது வெப்ப இயக்கவியலிலிருந்து நேராக வருவது. பெருமழை ஏன் கனத்துப் பெய்யத் தொடங்கியிருக்கிறது என்பதற்கான விளக்கத்தின் முதல் படி அதுதான். கரியமில வாயு வெப்பக் கதிர்வீச்சை உறிஞ்சுவதை ஜான் டின்டால் 1859இல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். அந்த வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896இல் கையாலேயே கணக்கிட்டார். இந்தத் துறையின் வேர் இயற்பியலில்தான் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி, காலநிலையைக் கணினி மாதிரிகளில் வடித்த சுகுரோ மனாபேவுக்கும் கிளாஸ் ஹாசல்மனுக்கும் கிடைத்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

பி.எஸ்சி. முடித்தவுடன் சேர்வதற்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் விசாகப்பட்டினத்திலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் நடைபெறும் எம்.எஸ்சி. வானிலையியல் படிப்புகளை முதலில் பாருங்கள். இரண்டும் இத்துறையில் பழைமையானவை, கடலியலும் அருகிலேயே கற்பிக்கப்படும் இடங்கள். எம்.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ முடித்துவிட்டு வருபவர்களுக்கு, பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வின் வழியாக டெல்லி ஐ.ஐ.டி.யின் வளிமண்டல அறிவியல் மையம், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் கடல், ஆறு, வளிமண்டலம், நிலம் குறித்த மையம் ஆகியவற்றில் எம்.டெக். வாய்ப்பு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டல, கடல் அறிவியல் மையமும் திவேச்சா காலநிலை மாற்ற மையமும் இயங்குகின்றன. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஏற்ற இடம். வளிமண்டலம், கடல், நிலம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணினியில் இயக்கிப் பார்க்கும் இந்தியாவின் முதல் புவி அமைப்பு மாதிரி உருவானது அங்கேதான்.

ஒரு படிப்பின் தரத்தை அறிய, அதன் விளக்கக் கையேட்டைவிட, முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. பாய்ம இயக்கவியலும் கதிர்வீச்சும் புள்ளியியலும் கணினி நிரலாக்கமும் பாடத்திட்டத்தில் இல்லாமல், "காலநிலை" என்ற சொல் மட்டும் பட்டத்தின் பெயரில் இருந்தால், உங்களைப் போன்ற இயற்பியல் மாணவிக்கு அது போதாது.

எங்கள் பகுதி 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியது. முதுநிலை ஆய்வேட்டில் அப்படிப்பட்ட ஒரு வெள்ளத்தை எடுத்து ஆராய முடியுமா? அது காலநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று நிறுவ முடியுமா?
– வாசகர், ஏரல், தூத்துக்குடி மாவட்டம்

ஆராய முடியும், ஆராயவும் வேண்டும். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியை, "அதனால்தான் வந்ததா, இல்லையா, எந்த அளவுக்கு?" என்று திறந்த மனத்துடன் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். விடையை முடிவு செய்துவிட்டுத் தரவைத் தேடுவது ஆய்வாகாது.

அந்த ஆய்வு எப்படி நடக்கும் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதுநிலைப் படிப்பின் சாரம் இதில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியால் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். மாணவர் முதலில் செய்வது, இந்திய வானிலை ஆய்வுத் துறை இலவசமாக வழங்கும் தினசரி மழைத் தரவை இறக்கிக்கொள்வது. நாடு முழுவதிலும் உள்ள ஏறத்தாழ 7,000 மழைமானி நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு 1901 முதல் தொகுக்கப்பட்ட தரவு அது. நாட்டைக் கால் டிகிரி சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒவ்வொரு நாளின் மழையளவைத் தருகிறது. ஒரு சதுரத்தின் பக்கம் சுமார் 28 கிலோமீட்டர்.

சிக்கல் இங்கேயே தொடங்கிவிடும். காயல்பட்டினத்தில் கொட்டிய மழையும் அதே சதுரத்துக்குள் இருக்கும் மற்ற ஊர்களில் பெய்த மழையும் கலந்து சராசரியாகிவிடுவதால், அந்த 95 சென்டிமீட்டர் தரவில் அப்படியே தெரியாது. நூறாண்டுகளாக ஒரே எண்ணிக்கையில் மழைமானிகள் இருந்ததும் இல்லை. சில நிலையங்கள் இடையில் நின்றிருக்கும், சில இடம் மாறியிருக்கும். மழைமானிகள் கூடிய பிறகு பெருமழை நாட்கள் அதிகம் பதிவானால், பெருமழை உண்மையிலேயே கூடியதா, அளவிடும் கருவிகள் கூடியதால் அப்படித் தெரிகிறதா என்று பிரித்தறிய வேண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது வடகிழக்குப் பருவமழையின் இயல்பு. 2015இல் சென்னையை மூழ்கடித்த அதே பருவமழை, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து பெரும் வறட்சியைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி இறங்கும் மழையில் மெல்ல நகரும் நீண்டகாலப் போக்கைக் கண்டுபிடிக்க, அதீத நிகழ்வுகளுக்கென்று உள்ள புள்ளியியல் முறைகளைக் கற்க வேண்டும். எந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறோம் என்பதே விடையை மாற்றிவிடக்கூடும் என்பதை ஒரு முறையாவது தன் கையால் செய்து பார்த்த மாணவருக்கு, அதன் பிறகு எந்த வரைபடத்தையும் அப்படியே நம்பத் தோன்றாது.

அடுத்தது காரணம் கற்பிக்கும் ஆய்வு. மனிதரால் வெப்பமடைந்த இன்றைய உலகத்தையும், அவ்வாறு வெப்பமடையாத ஓர் உலகத்தையும் கணினி மாதிரிகளில் ஓடவிட்டு, இத்தகைய மழை எந்த உலகில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று ஒப்பிடுவார்கள். 2015 டிசம்பர் சென்னை மழையை இம்முறையில் ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, 2016இல் வெளியிட்ட கட்டுரையில், புவி வெப்பமாதலின் தெளிவான பங்கு எதையும் கண்டறிய முடியவில்லை என்றே முடிவு கூறியது. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பமாதலை இப்பகுதியில் ஓரளவு மறைத்திருக்கலாம் என்றும் அவர்கள் சுட்டினார்கள். இதைப் படித்துவிட்டுக் காலநிலை மாற்றமே இல்லை என்று சொல்பவரும் தவறு செய்கிறார். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதையே காரணமாகக் காட்டி, தூர்வாரப்படாத குளத்தையும் ஆக்கிரமிக்கப்பட்ட நீர்வழியையும் மறந்துவிடுபவரும் தவறு செய்கிறார்.

வடகிழக்குப் பருவமழை தென்மேற்குப் பருவமழையைப் போல விரிவாக ஆராயப்படவில்லை என்பது எங்களுக்கு உண்மையான வருத்தம். பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை குறைய முனைகிறது. தமிழ்நாட்டுக்கோ அதே ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூட முனைகிறது. நாட்டுக்கான சராசரியை வைத்து நம் ஊரின் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. தாமிரபரணிக் கரையை அறிந்த ஒருவர், எந்தக் குளம் எப்போது உடையும், எந்தக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்த ஒருவர், இந்தப் புள்ளியியலையும் கற்றுக்கொண்டு வந்தால், வெளியூரிலிருந்து வரும் எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காத கேள்விகள் அவருக்குக் கிடைக்கும். துணிந்து வாருங்கள்.

பி.ஏ. பொருளாதாரம் படித்த எனக்கு இதில் இடம் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

நிச்சயமாக உண்டு, மன்னார்குடி வாசகிக்குச் சொன்னவற்றுள் மூன்றாவது கேள்வி, அதாவது அரசு என்ன செய்ய வேண்டும், செலவை யார் ஏற்க வேண்டும் என்பது, உங்களுடையது. டெல்லியிலுள்ள டெரி உயர்கல்விப் பள்ளியில் காலநிலை அறிவியலும் கொள்கையும் இணைந்த எம்.எஸ்சி. படிப்பும், மும்பையிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் காலநிலை மாற்றமும் நிலைத்த வளர்ச்சியும் சார்ந்த முதுகலைப் படிப்பும் நன்கு அறியப்பட்டவை. சேர்க்கைக்கான தகுதியும் தேர்வு முறையும் மாறிக்கொண்டிருப்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கொள்கை படிப்பவருக்குக் கணக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி உமிழ்வைக் குறைப்பதாக நாடுகள் தரும் உறுதிமொழிகளை மதிப்பிடுவதற்கும், ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்ற பொருட்களின் மீது விதிக்கும் கார்பன் கட்டணம் இந்திய ஏற்றுமதியாளரை எப்படிப் பாதிக்கும் என்று சொல்வதற்கும், பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பொருளாதார அளவையியல் அறிந்தவர்கள் வேண்டும். இளநிலையில் புள்ளியியல் தாளை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்திருந்தால், சேர்வதற்கு முன் அதை மறுபடியும் முழுமையாகப் படித்துவிடுங்கள்.

பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவருக்கும், விலங்கியல் முடித்தவருக்கும் என்ன வழி?
– வாசகர்கள், அரியலூர், சிதம்பரம்

வேளாண்மைப் பட்டதாரிக்குக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலையியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அங்குள்ள வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் உழவர்களுக்கான வானிலை ஆலோசனைப் பணியிலும் ஈடுபட்டிருப்பதால், ஆய்வும் களமும் ஒன்றாகக் கிடைக்கும். விலங்கியல் மாணவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் நடத்தும் கடல் உயிரியல் மையத்தை விசாரிக்கலாம். பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்திலேயே இருப்பது அங்கே படிப்பவர்களுக்குப் பெரும் வாய்ப்பு.

நான் பி.இ. மெக்கானிக்கல். துறை மாறினால் நான்கு ஆண்டுப் படிப்பு வீணாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

உங்கள் வீட்டாருக்கு வீரபத்ரன் ராமநாதனைப் பற்றிச் சொல்லுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் குளிர்சாதனத் தொழிலில் வேலை பார்த்து, பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலை முடித்து அமெரிக்கா சென்றவர் அவர். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் மிகக் கடுமையான பசுமைக்குடில் வாயுக்கள் என்பதையும், அவற்றின் ஒரு மூலக்கூறு பல ஆயிரம் கரியமில வாயு மூலக்கூறுகளுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதையும் 1975இல் உலகுக்குக் காட்டியவர் அவர்தான். அதற்கு முன்பு வரை புவி வெப்பமாதலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கரியமில வாயுவோடு நின்றிருந்தது. வெப்பப் பரிமாற்றமும் பாய்ம இயக்கவியலும் நீங்கள் ஏற்கெனவே படித்த பாடங்கள். அவற்றை ஒரு குழாய்க்குப் பதிலாக வளிமண்டலத்துக்குப் பொருத்தப் போகிறீர்கள்.

என் மகள் இதைப் படிக்க வேண்டும் என்கிறாள். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? நான் நெசவுத் தொழில் செய்பவன். உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகர், சென்னிமலை

ஐயா, கணினிப் பொறியியல் போல வளாகத்துக்கே வந்து ஆளெடுக்கும் துறை இது இல்லை. படிப்பு முடிந்து முதல் ஓரிரு ஆண்டுகள் ஆராய்ச்சித் திட்டங்களில் தற்காலிகப் பணியாகவே அமைவது இயல்பு. அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுப்பது நல்லது.

அதே சமயம், வழிகள் முன்பைவிட விரிந்திருக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை, சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம் ஆகியவை இத்துறையினரை எடுக்கும் அரசு நிறுவனங்கள். காற்றாலை மின்சாரம் நாளை எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பணிக்கும் வளிமண்டல அறிவியல் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய களம் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகள் பற்றிய அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாகத் தர வேண்டும் என்று பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதித்த பிறகு, உமிழ்வைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கும் வேலை உருவாகியிருக்கிறது. தமிழக அரசும் காலநிலை மாற்ற இயக்கத்தை மாவட்ட அளவில் அமைத்திருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, கேட் தகுதியுடன் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்கென்று தனித் தாள் உண்டு. அதில் இளநிலை ஆய்வு நல்கை பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் தருகிறார்கள். உங்கள் மகளுக்குக் கணக்கில் ஆர்வம் இருந்து, நான்கைந்து ஆண்டுகள் பொறுமையாக உழைக்கும் மனமும் இருந்தால், நாங்கள் அனுப்பி வையுங்கள் என்றே சொல்வோம். ஏதாவது ஒரு மேற்படிப்பு வேண்டும் என்பதற்காகத்தான் என்றால், வேண்டாம்.

வெளிநாட்டில் படிப்பது நல்லதா? முகவர் ஒருவர், வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினாலும் ஒரே ஆண்டில் அடைத்துவிடலாம் என்கிறார்.
– வாசகர், திருச்சி

அந்த வாக்குறுதியை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் முதுநிலை பெரும்பாலும் ஓராண்டுதான். வகுப்புகள் முடிந்து ஆய்வேட்டுக்குக் கிடைப்பது கோடைக்காலச் சில மாதங்களே. ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1972 முதல் இயங்கும் காலநிலை ஆய்வுப் பிரிவும், ரெடிங் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் துறையும் உலகப் புகழ் பெற்றவை என்பதில் ஐயமில்லை. ஆனால் உதவித்தொகையோடு செல்வதற்கே அவற்றைப் பரிந்துரைப்போம். காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். செவனிங்குக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் தேவை.

ஜெர்மனியில் ஹாம்பர்க் பல்கலைக்கழகம், காலநிலை அமைப்பு அறிவியலில் ஆங்கில வழியில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. ஹாசல்மன் முதல் இயக்குநராக இருந்த மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம் அதே நகரில்தான் இருக்கிறது. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கான சிறு தொகை மட்டும். ஆனால் விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவாகச் சுமார் 12,000 யூரோவை முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும். நெதர்லாந்தின் வாகெனிங்கனிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் நல்ல படிப்புகள் இருந்தாலும், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் கடுமையானது. எந்த நாடானாலும், சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு அந்தத் துறையின் பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி, யாரிடம் எதைப் பற்றி ஆய்வேடு செய்ய முடியும் என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். நிரலாக்கம் தெரியாது. சேர்வதற்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? கேட் தேர்வுக்காக ஓராண்டை ஒதுக்கலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

ஒதுக்கலாம், ஆனால் கேட் புத்தகத்தோடு மட்டும் அந்த ஆண்டைக் கழிக்காதீர்கள். பைதான் என்ற நிரலாக்க மொழியை, ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களின் வழியாக இலவசமாகக் கற்கலாம். சில பாடங்கள் தமிழ் மொழிபெயர்ப்பிலும் கிடைக்கின்றன. மொழி ஓரளவு கைவந்ததும், மேலே ஏரல் வாசகருக்குச் சொன்ன மழைத் தரவை இறக்கி, திருவண்ணாமலை இருக்கும் சதுரத்தின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையை ஆண்டுவாரியாகக் கூட்டி ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு வேலையில் தரவைத் திறப்பது, விடுபட்ட மதிப்புகளைக் கையாள்வது, சராசரியும் விலகலும் கணக்கிடுவது என எல்லாப் பயிற்சியும் அடங்கிவிடும்.

ஆங்கிலத்துக்கு, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2021இல் வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டின் முதல் தொகுதியைப் பயன்படுத்துங்கள். அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பொதுவாசகருக்கான கேள்வி பதில் பகுதி எளிய நடையில் இருக்கிறது. நாளுக்கு ஒரு கேள்வி படித்து, விடையைத் தமிழில் உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதிப் பழகினால், பாடமும் மொழியும் சேர்ந்தே வரும். கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய மூன்றையும் உறுதியாக்கிக்கொள்ளுங்கள்.

கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்கும். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். இளநிலைப் பட்டத்தோடு நிற்பவர் என்றால், எம்.எஸ்சி. வானிலையியல் நுழைவுத் தேர்வுகளையும் அதே ஆண்டில் எழுதிவிடுங்கள். அவற்றுக்கான அறிவிக்கைகள் கேட் முடிவுக்குக் காத்திருக்காமல் முன்பே வந்துவிடும்.